வாயில் அடக்கிய சோறு

வசுமதிக்குத் தன் பிள்ளையைப் பார்த்தால் குமட்டியது.

கேட்கவே காது கூசும் செய்திதான். அவளுக்கும் கூசியது, அதனால்தான் யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தாள். அடுத்த வீட்டுப் பிள்ளை மூக்கொழுகி நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வது உலக வழக்கம். தன் பிள்ளை என்றால் துப்பட்டாவால் துடைத்துவிட்டு, அதே துப்பட்டாவில் தன் முகத்தையும் துடைத்துக்கொள்வாள் பெற்றவள். போன வருஷம் வரைக்கும் வசுமதியும் அப்படித்தான் இருந்தாள். எழிலன் மென்று துப்பிய சோற்றை உள்ளங்கையில் வாங்கி, யோசிக்காமல் தன் வாயில் போட்டுக்கொண்டு டி.வி. பார்த்தவள்தான்.

அன்று மாலை வேலை முடிந்து படியேறி வந்தபோது எழிலன் கதவருகிலேயே காத்துக்கொண்டிருந்தான். நான்கு வயது. இடது கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்கு உப்பியிருந்தது. அவளைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். வாயை மட்டும் திறக்கவில்லை.

"இன்னிக்குமா?" என்றாள்.

அவன் பெருமையாகத் தலையாட்டினான். மூடிய உதட்டோரத்திலிருந்து மஞ்சளாக ஒரு கோடு வழிந்து அவள் சுடிதாரில் பட்டது. மத்தியானம் சாப்பிட்ட பருப்புச் சோறு. சோப்பு நீரில் ஊறவைத்த துணியை வாளியோடு மறந்துவிட்டால் ஒரு வாடை வருமே, அது அவன் வாயிலிருந்து ஏறி வந்தது. அவள் மூச்சை நிறுத்திக்கொண்டு அவனைக் காலிலிருந்து பிய்த்தெடுத்தாள். தாடையைப் பிடித்து, விரலை உள்ளே விட்டு வழித்தாள். கூழாகிப் போயிருந்தது. அதைச் சோறு என்றும் சொல்ல முடியாது, எச்சில் என்றும் சொல்ல முடியாது. நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்ததைத் தொட்டியில் உதறிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிய கையை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள்.

எழிலன் அழவில்லை. ஏதோ காரியம் முடிந்தவன் போல அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கெரகம்! மத்தியானச் சோத்தப் பொழுதோட வரைக்கும் வாயில அடக்கி வெச்சிருக்கறான். முழுங்க மாட்டீங்கறான். ஏனுங்க, பகலெல்லாம் கூடவேதான இருக்கறீங்க, பாக்கறதில்லையா?"

அவள் புருஷன் தனபால் கீழே மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். வார்னிஷ் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தான். "பல் டாக்டரும் சொல்லிப் பாத்தாச்சு, நீயும் சொல்லிப் பாத்தாச்சு. அவன் கேட்டாத்தான? அதுசரி, மத்தியானம் உனக்கு இருக்கற பொறுமை பொழுதானா எங்க போகுதுன்னே தெரியல."

ஊர்ப் பிள்ளைகளிடம் காட்டும் பொறுமையைத்தான் குத்திக் காட்டுகிறான் என்று வசுமதி நினைத்தாள். சுடிதாரை மாற்றப் போனாள். பின்னாலேயே வந்த எழிலனின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

அவள் வேலை பார்த்த இடத்துக்கு 'ஒருவாய்' என்று பெயர். சரவணம்பட்டியில், வெளியே கண்ணாடியும் உள்ளே டெட்டால் வாடையுமாக ஒரு கட்டடம். அங்கே விற்கிற சரக்கு, தாய்மார்களின் கொஞ்சல். பிள்ளைக்குச் சோறு ஊட்ட நேரமில்லாத சீமான்கள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளை முன்னால் ஒரு திரையை நிறுத்திவிட்டால் போதும். திரையில் ஓர் அம்மா வந்து, காக்காயைக் காட்டி, பஸ்ஸைக் காட்டி, 'ஆ காட்டு சாமி, ஆ' என்று கெஞ்சுவாள். ஸ்பூனைப் பிடிக்க ஓர் ஆயா இருப்பாள். பெற்றவர்கள் பக்கத்து சோபாவில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை வாயைத் துடைக்கவாவது ஒருத்தர் எழுந்திருப்பாரா என்றால், மாட்டார்.

திரையில் வருவது நடிகையுமல்ல, பொம்மையுமல்ல. சாட்சாத் வசுமதிதான். காலையில் நாற்காலியில் சாய்ந்து, தலையில் வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினால் அவள் மனம் பல இழைகளாகப் பிரிந்து ஓடும். ஒவ்வோர் இழையும் ஒவ்வொரு வீட்டில் ஊட்டிக்கொண்டிருக்கும். ஆனால் மனம் ஒன்றுதான். நினைவும் பாசமும் எல்லா இழைகளுக்கும் பொதுவான கிடங்கு. எந்த இழைக்கு எது வேண்டுமோ அதை அங்கிருந்து எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பி வைத்துவிட்டு, அவளிடமே வந்து சேரும். முதல் வருஷமெல்லாம் அப்படித்தான் நடந்தது. மாலையில் கண் விழிக்கும்போது எங்கெங்கோ உள்ள பிள்ளைகளின் முகங்கள், கனவு கண்டு எழுந்ததுபோல வரிசையாக நினைவுக்கு வரும். மண்டை கனக்கும். பஸ்ஸில் வாந்தி வருவதும் உண்டு.

ஆறு மாதத்துக்கு முன்னால் அது நின்றுவிட்டது. விழித்தால் தலை தெளிவாக இருந்தது. ஒரு முகமும் நினைவில் இல்லை. வேலையும் சீக்கிரம் முடிந்தது. தொப்பியில் மற்ற ஷிப்ட் பெண்களின் தேங்காய் எண்ணெய் ஊறி நாறுவதைத் தவிர ஒரு குறையும் இல்லை என்று பெண்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். இழைகள் எங்கே போயின என்று ஒருத்தியும் கேட்கவில்லை. வசுமதியும்தான் கேட்கவில்லை.

அவளைக் கேட்க வைத்தவள் மேலாளர் ப்ரமிளா. ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினாள். மேசை மேல் கண்ணாடிக் கிண்ணத்தில் வறுத்த முந்திரி. அதை ஒவ்வொன்றாக வாயில் போட்டு அரைத்துக்கொண்டே பேசினாள்.

"வசு, உட்காருங்க. நாலஞ்சு வீட்டுல இருந்து புகார் வந்திருக்கு. நீங்க கொஞ்சறது ஒட்டாம இருக்காம். வார்த்தை எல்லாம் சரியா இருக்கு, ஈரம் இல்லைங்கறாங்க."

"நான் எப்பவும் போலத்தானுங்க பண்றேன்."

"உங்க தப்பு இல்லம்மா. எல்லாருக்கும் வர்றதுதான். நாங்க இதை வறட்சின்னு சொல்லுவோம். கொஞ்ச நாள் நல்லாக் கறக்கும், அப்புறம் வத்திடும்." சிரித்தபோது பல்லிடுக்கில் முந்திரி வெள்ளையாகத் தெரிந்தது. "வீட்ல எப்படி? பையன் கிட்ட வந்தா ஒரு மாதிரி இருக்குமே? நாத்தம் அடிக்கற மாதிரி, தொட்டா பிசுபிசுன்னு?"

வசுமதி நாற்காலியில் நிமிர்ந்தாள். புருஷனிடம்கூடச் சொல்லாத விஷயம். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இப்பல்லாம் வேலையை விட்டுப் போறப்ப எல்லாருமே சொல்றாங்க. பயப்படாதீங்க, பழகிடும். அடுத்த மாசம் உங்களுக்கு ஒரு நல்ல வழியனுப்பு விழா வெச்சிடலாம், வெள்ளிக் குங்குமச்சிமிழோட." கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளினாள். "முந்திரி எடுத்துக்கங்க."

அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் வசுமதிக்கு ஒன்று புரிந்தது. இத்தனை நாளும் தன் மனசுதான் கெட்டுப்போய்விட்டது, தான்தான் ஒரு பிறவிப் பிசாசு என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த வியாதிக்கு இங்கே ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் வைத்து, கணக்குப் போட்டு, சிமிழும் வாங்கி அடுக்கியிருக்கிறார்கள்.

இழைகளை ஓட்டும் மென்பொருளை எழுதுகிறவன் அஸ்வத். கல்லூரி முடித்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். பெண்களை எல்லாம் அக்கா, அக்கா என்று சுற்றி வருகிற பையன். அவள் கேண்டீனுக்குப் போனபோது முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தான். எதிரே போய் உட்கார்ந்தாள்.

"தம்பி, என்ற இழையெல்லாம் எங்க போகுது? ஆறு மாசமா ஒண்ணும் திரும்பி வர்றதில்ல."

சுற்றுமுற்றும் பார்த்தான். "வராதுக்கா. நாங்களே முடிச்சிடறோம்."

"முடிக்கறதுன்னா?"

"முன்னாடி இழைக்கு ஒரு சேதி மட்டும் அனுப்புவோம், நேரமாச்சு, முடிச்சுக்கோன்னு. அது குழந்தைக்கு டாட்டா காட்டி, எடுத்ததை எல்லாம் எடுத்த இடத்துல வெச்சிட்டு, தானா உங்ககிட்ட வந்து சேரும். ஆனா ஒரு அம்மாவும் லேசுல கிளம்ப மாட்டேங்கறாங்க. இழுத்துக்கிட்டே இருக்காங்க. அதனால இப்ப இழைகிட்டயே போறதில்ல. நேரா இயங்குதளத்தைக் கூப்பிட்டு, இந்த இழையை நிறுத்துன்னு சொல்லிடறோம். ஒரே ஒரு வரிதான். அது இழையைக் கேக்காது. கையில என்ன வெச்சிருக்குன்னு பாக்காது. அந்த நொடியே இல்லாமப் பண்ணிடும்."

"கொன்னுடறீங்க."

"கொல்றதுன்னு சொல்லக் கூடாதுக்கா. விடுவிப்புன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

"சரி. கையில வெச்சிருந்தது என்னாகும்?"

அஸ்வத் பப்ஸைக் கீழே வைத்தான். "ஒரு இழை ஒரு நினைவை எடுக்கறப்ப, இன்னொரு இழை வந்து அதையே இழுத்துடக் கூடாதுன்னு உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கும். வேலை முடிஞ்சதும் அதுவே திறந்து விட்டுடும். இப்ப பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல ஒருத்தன் உள்ள போயித் தாழ்ப்பாள் போட்டுட்டு செத்துப் போயிட்டான்னு வைங்க. வெளிய நிக்கறவங்க தட்டிக்கிட்டே நிக்க வேண்டியதுதான்."

"என்ற புள்ள மேல இருக்கற பாசத்துக்கு நீ சொல்ற உதாரணம் இதாடா?"

"சாரிக்கா."

"கதவ உடைக்க முடியாதா?"

"உங்க மண்டைக்குள்ளக்கா. எதைப் போயி உடைக்கறது? கம்ப்யூட்டர்னா மொத்தமா அணைச்சிட்டு மறுபடி போடலாம், எல்லாப் பூட்டும் போயிடும். உங்களை எப்படி அணைக்கறது? அந்தத் தாழ்ப்பாளை அந்த இழையாலதான் திறக்க முடியும். அதுதான் இப்ப இல்லையே."

"எந்த நேரம் பாத்துக் கொல்றீங்க?"

"அதெல்லாம் சரியாப் பாத்துத்தான் பண்ணினேன்" என்றான், அதிலாவது நல்ல பெயர் கிடைக்குமென்று. "ஊட்டிக்கிட்டிருக்கறப்ப நிறுத்த மாட்டோம். எல்லா அம்மாவும் முடிக்கறப்ப கடைசி வாய்னு சொல்றாங்கல்ல? அந்த வார்த்தை வந்ததும்தான் நிறுத்தறோம்."

வசுமதி அவனை வெறித்துப் பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்து, கண்ணில் நீர் வந்து, அது எப்போது அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"அட கூறு கெட்டவனே! கடைசி வாய்ங்கறது கடைசின்னாடா நெனச்ச? அது பொய்யி. வாயத் தொறக்க வெக்கறதுக்குச் சொல்ற பொய்யி. அதச் சொன்னதுக்கப்புறந்தான் பாதிச் சோறே உள்ள போகும். இந்தத் தமிழ்நாட்டுல எந்த ஊட்லடா கடைசி வாயோட சோறு முடிஞ்சிருக்குது? உனக்கு யாரும் ஊட்டினதே இல்லையா?"

"ஒண்ணாவதுல இருந்தே ஹாஸ்டல்க்கா. மணி அடிச்சா சாப்பாடு, மணி அடிச்சா முடிஞ்சுது."

பிள்ளை போதும் என்று முகத்தைத் திருப்பும் அந்த நேரத்தில்தான் தாய் அந்தப் பொய்யைச் சொல்வாள். சும்மா சொன்னால் பிள்ளை மயங்காது. உள்ளே போய், இருப்பதிலேயே இனிப்பானதை எடுத்துக் குரலில் குழைத்துக்கொண்டு வந்து சொல்வாள். எழிலன் முதன்முதலாகச் சத்தம் போட்டுச் சிரித்தது. காய்ச்சலில் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியது. குளிப்பாட்டித் துவட்டிய தலையின் வாசம். அதை எடுத்துத் தாழ்ப்பாள் போட்ட நொடியில் இழையின் கழுத்தை நெரித்திருக்கிறார்கள். ஒன்றா இரண்டா, வீடு வீடாக, வேளைக்கு வேளை.

அந்தத் தலை வாசத்தை இப்போது நினைத்துப் பார்த்தாள். அப்படி ஒரு வாசம் இருந்தது என்பது ஞாபகம் இருக்கிறது. வாசம் வரவில்லை. ஊர் பெயரும் தெருப் பெயரும் தெரிந்தும் வீடு அகப்படாதது மாதிரி இருந்தது. பாசம் போட்டு மூடியிருந்த இடத்திலிருந்து மூடியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் சளியும் எச்சிலும்தானே. அதைத்தான் அவள் தினமும் மாலையில் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இது தப்புன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"இப்படி நிறுத்தற கட்டளையைப் பயன்படுத்தாதீங்கன்னு கையேட்டுலயே போட்டிருக்கும்க்கா. எல்லாரும் பண்றதுதானேன்னு விட்டுட்டேன். மூணு மாசம் முன்னாடி புரிஞ்சுது. மேடம்கிட்டப் போயிச் சொன்னேன். பழையபடி மாத்தினா ஒவ்வொரு சாப்பாடும் இழுக்கும், அம்மாக்கள் நேரத்துக்கு வீட்டுக்குப் போக முடியாது, அவங்க நல்லதுக்குத்தான்னு சொன்னாங்க. ஒருத்தர் வத்தினாலும் புதுசா பிள்ளை பெத்தவங்க வரிசையில நிக்கறாங்கன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லலக்கா." விரலில் ஒட்டியிருந்த பப்ஸ் தூளை நக்கிக்கொண்டான். யோசித்துச் செய்ததல்ல, கை பாட்டுக்குச் செய்தது. அந்தக் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. தலைவலி போயிற்று என்று ஆறு மாதம் சந்தோஷப்பட்ட தன் மேலும் அதே அருவருப்பு வந்தது.

"நாளைக்கு என்ற இழையை மட்டும் கொல்லாத" என்றாள். "பழையபடி சேதி சொல்லு. அதுவா முடிச்சிட்டு வரட்டும்."

"பூட்டினது எதுவும் திறக்காதுக்கா."

"தொறக்காட்டிப் போகட்டும். இருக்கறதாவது வந்து சேரட்டும். நீ எனக்கு இதக்கூடப் பண்ண மாட்டியா?"

அவன் சரியென்று தலையை ஆட்டினான்.

மறுநாள் மாலை வசுமதி கண் விழிப்பதற்கு நேரமானது. மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு இழைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஒரு குண்டுப் பையன், இரட்டைச் சடைப் பெண், தோசையைத் தரையில் வீசி எறிந்த ஒரு வாண்டு. கொஞ்சல் வார்த்தைகள் எல்லாம் அவளுக்கே வேற்று மனுஷி பேசுவதுபோல வறண்டு கேட்டன. புகார் சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக வந்து சேர்ந்த இழையின் நினைவில் ஒரு சமையலறை. சுவரில் நீலப்பூ டைல்ஸ். ஜன்னல் கம்பியில் காயும் கரித்துணி. ஸ்பூனைப் பிடித்திருந்த கையில் வார்னிஷ் கறை. ஸ்டூலில் உட்கார்ந்து திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது எழிலன்.

அவளுடைய சமையலறை. அவளுடைய பிள்ளை.

வேலை செய்கிறவர்களின் வீட்டுக்கும் இணைப்பு இலவசம் என்று சேரும்போதே ஒரு பெட்டி கொடுத்திருந்தார்கள். அவள் அதைப் பரண் மேல் போட்டு மறந்துவிட்டாள். இந்த ஆறு மாதத்துக்குள் எப்போதோ தனபால் அதை எடுத்து மாட்டியிருக்கிறான். எந்தப் பிள்ளைக்கு எந்தக் குரல் பொருந்துமென்று யந்திரம் தேடிப் பார்த்து, எழிலனுக்கு வசுமதியையே அனுப்பியிருக்கிறது. இத்தனை மாதமாக மத்தியானம்தோறும் அவளே அவனுக்கு ஊட்டியிருக்கிறாள். கொல்லப்பட்ட இழை திரும்பி வந்து சொல்லாது. அதனால் அவளுக்கே தெரியவில்லை.

நினைவு ஓடியது. 'கடைசி வாய் சாமி, ஆ' என்கிறாள் இழை. எழிலன் வாங்கிக்கொள்கிறான். சட்டென்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு திரையைப் பார்க்கிறான். கண் நிறைந்திருக்கிறது. எதற்கோ காத்திருக்கிறான். திரை அணையவில்லை. அவனுக்கு ஆச்சரியம். சோற்றை நாக்கால் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு குழறிக் கேட்கிறான்.

"நீ இன்னும் போகலயா?"

"எங்க சாமி போறேன்?"

"கடைசி வாய்னு சொன்னா நீ போயிருவ. தினமும் போயிருவீல்ல."

"நீ முழுங்கு கண்ணு."

"முழுங்க மாட்டேன். ஒருநா முழுங்கிட்டேன், நீ வரவே இல்ல. முழுங்காம வெச்சிருந்தா வந்துருவ."

முழுங்கிய அந்த ஒருநாள் எது என்று வசுமதிக்குத் தெரியும். பொங்கலுக்கு முந்தின நாள், ஷிப்டை நீட்டியதால் அங்கேயே தங்க வேண்டியதாகிவிட்டது. அதற்கு மறுநாளிலிருந்துதான் இந்தக் கன்னம் உப்பும் கூத்து ஆரம்பித்தது. அவன் சோற்றை அடக்கிக்கொண்டு கதவருகில் நிற்பான். அவள் வந்துவிடுவாள். மந்திரம் பலித்துவிடும். அவள் விரலை விட்டுத் தோண்டி எடுத்துத் தொட்டியில் உதறுவாள். அவன் பார்த்துக்கொண்டே நிற்பான்.

நாற்காலியிலிருந்து எழுந்து, வரிசையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து வசுமதி கத்திச் சொன்னாள். இழைகளைக் கொல்கிறார்கள், கொல்லும்போது நம் பிள்ளைகள் மேல் இருக்கும் பாசத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள், நாளைக்கு யாரும் உட்காராதீர்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். பெண்கள் கேட்டார்கள். கைப்பையைத் தோளில் மாட்டியபடியே கேட்டார்கள்.

"அப்ப பழையபடி தலைவலி வருமாக்கா?" என்றாள் ஒருத்தி.

"ஊட்டுக்குப் போக நேரமாகுமே" என்றாள் இன்னொருத்தி. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லாரும் கிளம்பிப் போனார்கள். கதவருகில் ஒரே ஒருத்தி மட்டும் நின்றாள். சேர்ந்து எட்டு மாதம்கூட ஆகாத பெண். "என்ற பாப்பாவ நான் ரெண்டு வாரமாத் தூக்கவே இல்லீங்க்கா" என்று வசுமதியின் காதருகே சொல்லிவிட்டு, தொப்பியைத் தரையில் போட்டுவிட்டுப் போனாள். வசுமதியும் தன் தொப்பியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். சிமிழ் வாங்க அவள் திரும்பிப் போகப் போவதில்லை.

வீட்டுப் படியில் தனபால் எதிரே வந்தான். "என்ன புள்ள இது, இன்னிக்கு மத்தியானம் இத்தன நேரம் அவன்கூடப் பேசிட்டிருந்த? ஆபீஸ்ல ஒண்ணும் சொல்லலயா?"

"தினமும் நாந்தான் ஊட்டறேன்னு எனக்கே தெரியாதுங்க" என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை. "உனக்குத் தெரியாம எப்படி? நீதான வர்ற?"

"அப்புறம் சொல்றேன். மொதல்ல அந்தப் பெட்டியப் புடுங்கிப் போடுங்க."

கதவருகில் எழிலன் நின்றான். கன்னம் உப்பியிருந்தது. அவளைக் கண்டதும் மலர்ந்தான்.

வரும் வழியெல்லாம் வசுமதி ஓர் ஆசையை வளர்த்துக்கொண்டு வந்திருந்தாள். காரணம் தெரிந்துவிட்டது, இனி அவனைப் பார்த்ததும் உள்ளே எல்லாம் உடைந்து திறந்துகொள்ளும், வாரி அணைத்துக்கொண்டு அழுவோம் என்று. அவன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். புளித்த வாடை ஏறியது. உதட்டோரம் மஞ்சளாக வழிந்தது. அவளுக்குக் குமட்டியது. நேற்றுக் குமட்டிய அதே அளவுக்குக் குமட்டியது. அஸ்வத் சொன்னது நிஜம்தான், எதுவும் திறக்கவில்லை.

அவள் விரலை விடவில்லை. அவன் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முகத்துக்கு நேராக முகம்.

"முழுங்கு சாமி."

அவன் தலையை ஆட்டி மறுத்தான்.

"நான் போக மாட்டேன். முழுங்கிட்டுப் பாரு."

அவன் நம்பவில்லை. ஏன் நம்பப் போகிறான்? இதே முகம் இதே குரலில் கொஞ்சிவிட்டு மாதக்கணக்காக அணைந்து அணைந்து போயிருக்கிறது. அவள் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்வதற்குக் குரலில் குழைத்துக்கொள்ள அவளிடம் இப்போது ஒன்றுமில்லை. அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். தெருவில் காய்கறி வண்டி கூவிக்கொண்டு போய்த் தேய்ந்தது. தனபால் சுவரில் சாய்ந்து நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். எழிலனின் கன்னம் ஒருமுறை அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. பிறகு கழுத்து ஏறி இறங்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினான்.

கண்ணைத் திறந்து பார்த்தான். அவள் இருந்தாள்.

எச்சில் வழிந்த விரலை நீட்டி அவள் மூக்கைத் தொட்டான். கன்னத்தைத் தொட்டான். உதட்டை அழுத்திப் பார்த்தான். பிசுபிசுப்பு அவள் முகமெல்லாம் ஒட்டியது. அவளுக்கு வயிறு புரண்டு தொண்டை வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை அங்கேயே வைத்திருந்தாள்.

"இருக்கற" என்றான்.

"இருக்கறேன்."

"அம்மா, பசிக்குது."

மாதக்கணக்கில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. எழுந்தால் பயந்துவிடுவான் என்று அவள் உட்கார்ந்தபடியே தனபாலைப் பார்த்தாள். "ஏனுங்க, வட்டல்ல சோறு போட்டுக் கொண்டாங்க."

சோற்றைப் பிசைந்து முதல் வாயை நீட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நீட்டினாள்.